விழுந்த சுவிட்ச் என்ன சொல்கிறது?

வீட்டில் திடீரென்று இருட்டாகிவிட்டால் பெரும்பாலான குடும்பங்களில் முதலில் கூப்பிடுவது எலக்ட்ரீஷியனை அல்ல, படிக்கிற பிள்ளையைத்தான். "நீதானே பாலிடெக்னிக் போற, வந்து பாரு" என்பார் அம்மா. பிள்ளை படிப்பது கணக்கியலாகக்கூட இருக்கலாம். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கத்து டிபி பெட்டியைத் திறந்து, கீழே விழுந்து கிடக்கும் சுவிட்சை மேலே தள்ளிவிட்டால் கடமை முடிந்தது. மறுபடி விழுந்தால் மறுபடி தள்ளுவது. மூன்றாவது முறையும் விழுந்தால்தான் என்னைப் போன்றவர்களுக்கு அழைப்பு வரும்.

நான் சிங்கப்பூரில் ஏர்கான் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த சுவிட்ச் விழுந்தது?" அடுத்தது, "எப்போது விழுந்தது?" இந்த இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் நான் அதிகம் கேட்கும் பதில், "தெரியலை தம்பி, எல்லாத்தையும் மேல தட்டி விட்டுட்டோம்" என்பதுதான். தடயத்தை அழித்துவிட்டுக் காவல்துறையைக் கூப்பிடுவது போன்றது இது.

அந்தப் பெட்டியில் இருக்கும் சுவிட்சுகள் எல்லாம் ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே இரண்டு வெவ்வேறு காவலர்கள் நிற்கிறார்கள். வரிசையாக நிற்கும் சிறிய சுவிட்சுகள் எம்சிபி. அவற்றைவிட அகலமாக, "டெஸ்ட்" என்று எழுதிய சிறு பொத்தானோடு இருப்பது ஆர்சிசிபி.

எம்சிபியின் வேலை கம்பியைக் காப்பாற்றுவது. ஏர்கானுக்கான எம்சிபியின் முகத்தில் பெரும்பாலும் 'சி20' என்று அச்சிட்டிருக்கும். 20 என்பது ஆம்பியர். அதன் உள்ளே இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, வெவ்வேறு விதமாக விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. அளவுக்கு மீறிய மின்சாரம் தொடர்ந்து ஓடினால் தகடு சூடேறி மெல்ல வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். இதற்குச் சில நிமிடங்களும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். மற்றொன்று மின்காந்தம். 'சி' வகையில், குறித்த அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு மின்சாரம் பாய்ந்தால் அந்தக் காந்தம் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதாவது சி20 என்றால் 100 முதல் 200 ஆம்பியருக்குள். இரண்டு கம்பிகள் நேராக ஒட்டிக்கொள்ளும் 'ஷார்ட்' நேரும்போது நடப்பது இதுதான். உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுத்தவர்களுக்கு வெப்ப விரிவும் மின்காந்தமும் வெவ்வேறு பாடங்களாகத் தெரியும். கட்டைவிரல் அளவுள்ள ஒரு பெட்டிக்குள் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன.

ஆர்சிசிபி காப்பாற்றுவது மனிதரை. எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதில் அதற்கு அக்கறை இல்லை. லைவ் கம்பி வழியாகப் போனது முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்பதை மட்டும் பார்க்கும். கணக்கில் குறைந்தால், அந்த மின்சாரம் வேறு எங்கோ வழி கண்டுபிடித்து மண்ணுக்குப் போகிறது என்று பொருள். அந்த வழி ஈரமான சுவராக இருக்கலாம், உங்கள் உடம்பாகவும் இருக்கலாம். வீடுகளில் உள்ள ஆர்சிசிபிக்கு அந்த வித்தியாசத்தின் வரம்பு 30 மில்லிஆம்பியர்.

இதை ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். ஈரக் கையோடு நிற்கும் ஒருவரின் உடல் மின்தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஓம் விதிப்படி அவர் உடலில் பாயக்கூடியது 0.23 ஆம்பியர். இதயத்தை நிறுத்த அது போதும். ஆனால் 20 ஆம்பியர் எம்சிபிக்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது அப்படியே நிமிர்ந்து நிற்கும். ஆர்சிசிபியோ 230 மில்லிஆம்பியர் காணாமல் போனதைக் கண்டு ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் விழுந்துவிடும். இதனால்தான் எது விழுந்தது என்ற கேள்வியில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். எம்சிபி மட்டும் விழுந்திருந்தால் நான் தேடுவது ஷார்ட், அல்லது அளவுக்கு மீறிய சுமை. ஆர்சிசிபி விழுந்திருந்தால் தேடுவது கசிவு.

நேரம் தரும் துப்பு

அடுத்து, 'எப்போது' என்ற கேள்வி. ஏர்கான் பழுதில் இதுதான் சுவையான பகுதி.

ஏர்கானைப் போடாமலேயே, எம்சிபியை மேலே தள்ளிய அந்த நொடியிலேயே விழுகிறதா? அப்படியானால் கம்பியிலேயே ஷார்ட், அல்லது வெளியே இருக்கும் யூனிட்டில் மின்சாரம் நுழையும் இடத்திலேயே கோளாறு. இந்த இடத்தில் பல்லிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளி யூனிட்டின் மின்பலகை இருக்கும் இடம் கதகதப்பாக இருக்கும், மழை படாது. பல்லிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. அது இரண்டு முனைகளுக்கு நடுவே உடலை நீட்டிப் படுத்த நாளில் பலகையும் போகும், பல்லியும் போகும். வீட்டுக்காரர் கேட்டது 'டப்' என்ற ஒரு சத்தம் மட்டுமாக இருக்கும்.

ஏர்கானைப் போட்டதும் உள் யூனிட்டில் காற்று வருகிறது. மூன்று நிமிடம் கழித்து ஆர்சிசிபி விழுகிறது என்றால், என் கவனம் வெளியே போகும். அணைத்து மீண்டும் போடும்போது கம்ப்ரசர் உடனே ஓடாமல் ஏறக்குறைய மூன்று நிமிடம் காத்திருந்துதான் தொடங்கும். அது தொடங்கும் நேரமும் சுவிட்ச் விழும் நேரமும் ஒத்துப்போனால், கம்ப்ரசரின் சுருள் தன் இரும்புக் கூட்டுக்கு மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கொளுத்தும் பிற்பகலில் முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு எம்சிபி விழுகிறது என்றால் அது வேறு கதை. வெளி யூனிட்டில் தூசு அடைத்திருக்கலாம். வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் கம்ப்ரசர் அதிக மின்சாரம் இழுக்கும். சில வீடுகளில் ஏர்கானில் ஒரு குறையும் இருக்காது. எம்சிபியில் கம்பியை இறுக்கும் திருகு தளர்ந்திருக்கும். தளர்ந்த இணைப்பு சூடாகும், அந்தச் சூடு உள்ளே இருக்கும் தகட்டை வளைத்துவிடும். பெட்டிக்கு அருகே போனாலே லேசாகக் கருகிய வாசனை வரும்.

மழை பெய்யும்போது மட்டும் விழுவதுதான் எங்களுக்குத் தலைவலி. சுவருக்கு வெளியே திட்டில் நிற்கும் யூனிட்டுக்குள்ளோ கம்பி இணைப்புக்குள்ளோ தண்ணீர் இறங்கியிருக்கும். மறுநாள் வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும். நாங்கள் மீட்டரோடு வந்து நிற்கும்போது குற்றவாளி காணாமல் போயிருப்பான். இப்படிப்பட்ட வீடுகளில், விழுந்த நாளையும் நேரத்தையும் அப்போது மழை பெய்ததா என்பதையும் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கும் பிள்ளை எனக்குத் தெய்வம் மாதிரி.

சர்வீஸ் செய்த அன்று மாலையே ஆர்சிசிபி விழுந்தால், உள் யூனிட்டைக் கழுவியபோது மின்பலகை அல்லது விசிறி மோட்டார் பக்கம் தண்ணீர் தெறித்திருக்க வாய்ப்பு அதிகம். "காய்ந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லித் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது. செய்தவர்களையே கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சோற்றுப் பானை மேல் விழுந்த பழி

உட்லண்ட்ஸில் ஒரு நான்கறை வீடு. தனியாக இருக்கும் ஒரு பாட்டி. ரைஸ் குக்கரைப் போட்டால் வீடு முழுவதும் இருட்டாகிறது என்று முதலில் குக்கரை மாற்றினார்கள். புதுக் குக்கரும் அதையே செய்தது. கெட்டிலைப் போட்டாலும் விழுந்தது. விளக்குகள், டிவி, குளிர்பதனப் பெட்டி எதற்கும் பிரச்சினை இல்லை. சமையலறை பிளக்குகளை எல்லாம் ஒருவர் வந்து மாற்றிவிட்டுப் போயிருந்தார். அப்போதும் விழுந்தது. பாட்டி இரண்டு வாரமாக அடுப்பில் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் போனது ஏர்கானைக் கழற்றி எடுப்பதற்கு. மகன் வெளிநாடு போனதிலிருந்து அதை யாரும் போடுவதில்லை. அதன் எம்சிபியைக்கூடக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். அதனால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. நான் வெளி யூனிட்டுக்கு என்று தனியாக இருக்கும் ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். அந்த நேரத்தில் பாட்டி பழக்கதோஷத்தில் கெட்டிலைத் தட்டிவிட்டார். ஆர்சிசிபி விழவில்லை. தண்ணீர் கொதித்தது. எனக்குத் தேநீரும் கிடைத்தது.

"சோறு வைக்கிற பானைக்கும் ரூமுல இருக்கிற ஏர்கானுக்கும் என்னா தம்பி சம்பந்தம்?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. பதில் நியூட்ரல் கம்பியில் இருக்கிறது.

வீட்டில் இருக்கும் எம்சிபிகள் பெரும்பாலும் லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் கம்பிகள் எல்லாம் பெட்டிக்குள் ஒரே உலோகப் பட்டையில் எப்போதும் சேர்ந்தே இருக்கும். அந்த வீட்டு ஏர்கானின் வெளிக் கம்பியில் டேப் சுற்றி இணைத்திருந்த ஓரிடத்தில் டேப் இற்றுப்போய், நியூட்ரல் கம்பி யூனிட்டின் துருப்பிடித்த கூட்டில் பட்டுக்கொண்டிருந்தது. கூடு எர்த்தோடு இணைந்தது. ஆக, அந்த வீட்டின் நியூட்ரலுக்கு மண்ணுக்குப் போக ஒரு திருட்டு வழி கிடைத்துவிட்டது. கெட்டில் வழியாகப் போன ஏறக்குறைய 9 ஆம்பியர் நியூட்ரலில் திரும்பும்போது, நூற்றில் ஒரு பங்கு அந்தத் திருட்டு வழியில் நழுவினாலே 90 மில்லிஆம்பியர். ஆர்சிசிபிக்குக் கணக்கு இடித்தது. விளக்குக்கும் டிவிக்கும் போகும் மின்சாரம் குறைவு என்பதால், அதில் நூற்றில் ஒரு பங்கு நழுவினாலும் 30 மில்லிஆம்பியரை எட்டவில்லை.

எம்சிபியை இறக்கியதால் ஏர்கானின் லைவ் மட்டும் போனது. நியூட்ரல் அப்படியே இருந்தது. ஐசோலேட்டரோ லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கும். அதை அணைத்ததும் திருட்டு வழி அடைபட்டது. பிறகு மெகர் கருவியை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தபோது, மில்லியன் ஓமுக்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் சில ஓம்தான் காட்டியது.

கடைசியாகப் போட்ட சாதனத்தைக் குற்றவாளி என்று முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இன்னொரு வகையும் உண்டு. இன்வெர்ட்டர் ஏர்கான், கணினி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றில் மின்னிரைச்சலைக் குறைக்கும் வடிகட்டிகள் இருக்கும். அவை இயல்பாகவே கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும். பழுது இல்லை, வடிவமைப்பே அப்படி. ஆனால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, 15க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழ உரிமை பெற்றது. இப்படிச் சிறுகச் சிறுகக் கசிவு சேர்ந்திருக்கும் வீட்டில், நல்ல நிலையில் உள்ள ஒரு சாதனத்தைக் கடைசியாகப் போட்டாலும் அது விழலாம். பழி முழுவதும் அந்தக் கடைசிச் சாதனத்துக்குப் போகும்.

தள்ளும் முன் செய்ய வேண்டியது

அப்படியானால் வீட்டில் கூப்பிடப்படும் மாணவர் என்ன செய்யலாம்? முதலில் மோந்து பாருங்கள். கருகிய வாசனை, சூடு, ரீங்காரம், ஈரம், இவற்றில் எது இருந்தாலும் பெட்டியைத் தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லையென்றால், எதையும் தள்ளும் முன் பெட்டியை ஒரு படம் எடுங்கள். எந்த சுவிட்ச் விழுந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. எம்சிபி மட்டும் விழுந்திருந்தால் அந்தச் சுற்றில் உள்ளவற்றை அணைத்துவிட்டு, ஒரு முறை மட்டும் தள்ளிப் பாருங்கள். சில சுவிட்சுகள் விழும்போது பாதியில் நிற்கும். முழுவதும் கீழே அழுத்திவிட்டுத்தான் மேலே தள்ள வேண்டும். மறுபடி விழுந்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஷார்ட் உள்ள கம்பியில் ஒவ்வொரு தள்ளலும் நூறு ஆம்பியருக்கு மேலான ஓர் அடி.

ஆர்சிசிபி விழுந்திருந்தால், கை உலர்ந்திருக்க, எம்சிபிகள் அனைத்தையும் இறக்குங்கள். ஆர்சிசிபியை மேலே தள்ளுங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். அதை மட்டும் இறக்கிவிட்டு மற்றவற்றோடு இரவைக் கழித்துவிடலாம். பிளக்கில் செருகிய சாதனங்கள் என்றால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அதே முறையில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அனைத்து எம்சிபியும் நின்று, ஏதாவது பெரிய சாதனத்தைப் போடும்போது மட்டும் விழுந்தால், பாட்டி வீட்டை நினைத்துக்கொண்டு ஏர்கான் ஐசோலேட்டரை அணைத்துப் பாருங்கள். ஐசோலேட்டர் சன்னலுக்கு வெளியே இருந்தால் வேண்டாம். எட்டிப் பிடிக்கும் வேலையே கூடாது.

மூன்று உள் யூனிட்டுகளுக்கு ஒரே வெளி யூனிட் என்ற அமைப்பு வீவக வீடுகளில் சகஜம். பலவற்றில் உள் யூனிட்டுகளுக்கு மின்சாரம் வெளி யூனிட்டிலிருந்துதான் வருகிறது. ஓர் அறையின் யூனிட்டில் கோளாறு என்றாலும் மூன்றும் சேர்ந்து அணையும். எந்த அறை என்று கண்டுபிடிக்க வெளி யூனிட்டைத் திறந்து ஒவ்வொரு அறையின் கம்பியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது உங்கள் வேலை அல்ல. மூடியைக் கழற்றுவதற்கு முன்பே மின்சாரத்தை அணைத்துவிட்டோம் என்பதும் பாதுகாப்பு ஆகாது. இன்வெர்ட்டர் பலகையில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் அணைத்த பிறகும் சில நிமிடங்கள்வரை 300 வோல்ட்டுக்கும் மேல் தங்கியிருக்கும். டிபி பெட்டிக்கு உள்ளே கை வைப்பதும் வீட்டுக் கம்பிகளை மாற்றுவதும் உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டும் செய்யக்கூடியவை. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் அவர்களைத் தேடிக்கொள்ளலாம்.

நான் பார்த்தவற்றுள் என்னை மிகவும் கோபப்படுத்தியது, வாடகைக்கு விட்ட ஒரு வீட்டில் இருந்த 32 ஆம்பியர் எம்சிபி. ஏர்கான் அடிக்கடி அணைகிறது என்று குடியிருந்த மாணவர்கள் சொன்னார்களாம். யாரோ வந்து 20ஐ எடுத்துவிட்டு 32ஐ மாட்டிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு சுவிட்ச் விழவில்லை, எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சுவருக்குள் ஓடிய கம்பி 20 ஆம்பியருக்குப் போட்டது. திறந்து பார்த்தபோது அதன் மேலுறை பழுப்பாகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அந்தச் சுவரை ஒட்டி ஒரு மாணவரின் கட்டில் கிடந்தது.

அறை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் படிப்பவர்களுக்கு இன்னொன்று. சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில்தான் ஆர்சிசிபி கட்டாயமாக இருந்தது. அதற்கு முந்திய வீடுகளில் சில, அது இல்லாமலேயே ஓடிக்கொண்டிருந்தன. 2023 ஜூலையில் எல்லா வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி, வீட்டு உரிமையாளர்களுக்கு ஈராண்டு அவகாசம் கொடுத்தார்கள். அந்தக் கெடு 2025 ஜூலை 1ஆம் தேதி முடிந்துவிட்டது. ஆகவே நீங்கள் தங்கும் வீட்டுப் பெட்டியில் 'டெஸ்ட்' பொத்தானோடு அந்த அகலமான சுவிட்ச் இல்லையென்றால், வீட்டு உரிமையாளரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இருந்தால், அந்தப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரப் பொருள். அன்றைக்கே மின்பணியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அழுத்துவதற்கு முன் வீட்டில் யாரும் மின்தூக்கி வரும் நேரம் பார்த்து அரிசி களையவில்லை, தம்பி தங்கை கணினியில் எழுதும் கட்டுரையைச் சேமித்துவிட்டார்கள் என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வீடு முழுவதும் மின்சாரம் போகும்.